கருக்கின் கூர்மையும் அன்பின் அடையாளமும்

இறுதி இரவுணவின்போது இயேசு தம் சீடருக்கு விட்டுச்சென்ற அடையாளம் ஒன்றே ஒன்று. அவர்கள் தங்களுக்குள் காட்டும் அன்பை வைத்தே உலகம் அவர்களைத் தம்முடையவர்கள் என்று இனங்கண்டுகொள்ளும் என்று அவர் சொன்னதாக யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரம் கூறுகிறது. இந்தப் பகுதியில் அன்பு என்னும் சொல்லை நாம் எண்ணற்ற மறையுரைகளில் விரித்துரைத்துவிட்டோம். இனங்காண்பவர் யார் என்னும் கேள்வியையோ பெரும்பாலும் தொடுவதில்லை. நாம் அன்புள்ளவர்கள் என்று நாமே சான்றிதழ் எழுதிக்கொள்ள இங்கு இடமில்லை. சான்று கூறும் உரிமை பார்ப்பவருக்கு உரியது. 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்களின் அன்பைக் கண்டு வியந்து பேசியவர்கள் பிற சமயத்தாரே என்று எழுதியதும் இந்த நுட்பத்தை உணர்ந்துதான். அவர்கள் வியந்தது இனிய சொற்களைக் கேட்டு அன்று. ஏழைகளுக்கு உணவிடவும், அவர்களை அடக்கம் செய்யவும், அநாதைப் பிள்ளைகளைப் பேணவும் சபையார் சேர்த்த காசைக் கண்டு.

அப்படியானால் நம் தமிழ்க் கத்தோலிக்க வாழ்வைப் பார்த்தவர் எவரேனும் சான்று எழுதியிருக்கின்றனரா? எழுதியிருக்கிறார். 1992-இல் மதுரையில் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' அத்தகைய நூல். அதை எழுதியவர் வெளியாள் அல்லர் என்பதே அதன் வலிமை. திருமுழுக்குப் பெற்று, மறைக்கல்வி கற்று, கன்னியர் மடத்தில் சேர்ந்து, பின் அதைவிட்டு வெளியேறியவர். வீட்டுக்குள் இருந்தும் வாசலுக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர். ஆகவே உறவின் உரிமையும் அயலாரின் தெளிவும் அவர் பார்வையில் ஒருங்கே அமைந்துள்ளன.

நம் வட்டாரங்களில் இந்நூலைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் 'கசப்பு' என்னும் சொல் உடனே வந்து விழுகிறது. மடங்களைக் குறை கூறும் நூல் என்று சொல்லிப் படிக்காமலே மூடிவைத்தவர்கள் பலர். எனக்கு அந்த மதிப்பீடு ஏற்புடையதாக இல்லை. கசப்பு நிறைந்த உள்ளம் ஆட்களின்மேல் பழி சுமத்தும். பாமா பெரும்பாலும் நிகழ்ச்சிகளையே நம்முன் வைக்கிறார். எண்ணெய்க் கசிவுடைய வடைப் பொட்டலம் ஒன்றை, கையில் படாதவாறு அதன் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார் ஒரு பெரியவர். பள்ளிச் சிறுமியாகிய பாமாவுக்கு அதைக் கண்டு சிரிப்புப் பொங்குகிறது. அது வேடிக்கையன்று, உயர்சாதியாருக்குரிய தின்பண்டம் தீட்டுப்படக் கூடாதென்பதற்காக அவர் அப்படித் தூக்கிச் செல்கிறார் என்று அண்ணன் விளக்கிய பின்னரே சிரிப்பு அடங்குகிறது. அன்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத பகுதி அது. ஆயினும், ஒரு மனிதரின் விரல் பட்டால் உணவு கெடும் என்று நம்புகிற ஊரில் பிறரன்பு என்னும் சொல்லுக்கு என்ன பொருள் எஞ்சும் என்று அதைவிடக் கூர்மையாகக் கேட்ட பக்கத்தை நான் படித்ததில்லை.

அவருடைய பாட்டியோ, வேலை செய்யும் வீட்டில் எஞ்சிய சோற்றைத் தம் பாத்திரத்தில் சற்றுத் தொலைவிலிருந்து கொட்டச் செய்து வாங்கிக்கொள்கிறார். அவர்கள் இல்லையேல் நாம் எப்படிப் பிழைப்பது என்று பேத்தியைச் சமாதானமும் செய்கிறார். இங்கே ஈகை இருக்கிறது. பசியாறவும் செய்கிறது. ஆனால் பாத்திரத்துக்கும் கைக்கும் இடையில் விடப்பட்ட அந்த இடைவெளியில்தான் அன்பு காணாமற்போகிறது. நம் பங்குகளில் ஆண்டுதோறும் நடைபெறும் ஏழையர் விருந்துகளை இப்பகுதியின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். சோறு போடுகிறோம். உடன் அமர்ந்து உண்கிறோமா என்பது வேறு கேள்வி.

நூலின் மையமான குற்றச்சாட்டு மடங்களைப் பற்றியது. வறுமை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள் வசதியோடு வாழ்வதையும், ஏழைப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பணி செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளியாக முடிவதையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். பணிவு, பொறுமை, கீழ்ப்படிதல் ஆகியவற்றைக் கற்பித்தவர்கள், நீதிக்காகக் குரல் எழுப்பிய இயேசுவைத் தமக்குக் காட்டவில்லை என்பது அவருடைய வருத்தம். இதை மறுப்பதற்குமுன் நம் பழைய மறைக்கல்வி வினாவிடைகளை நினைத்துப் பார்க்கலாம். நம் பாட்டன்மார் 'பிறர் சிநேகம்' என்றனர். நாம் 'பிறரன்பு' என்கிறோம். சொல் தூய தமிழாயிற்று. பொருளோ இன்னும் ஆன்மாவின் உட்புற உணர்ச்சியாகவே நின்றுவிட்டது. தெருவில் இறங்கவில்லை.

இலக்கிய நோக்கில் நூலில் குறைகள் இல்லாமல் இல்லை. கால வரிசை முன்னும் பின்னும் அலைகிறது. ஒரே முறையீடு பல இயல்களில் திரும்பி வருகிறது. மடத்தில் அவரோடு வாழ்ந்த சகோதரிகளுள் முகமும் குரலும் பெற்று எழுந்து நிற்பவர் அரிதாகவே உள்ளனர். அவர்கள் ஒரு கூட்டமாகவே தோன்றுகின்றனர். ஓர் அமைப்பைக் குற்றஞ்சாட்டும்போது அதனுள் இருந்து தத்தளிக்கும் ஓர் ஆத்துமாவையாவது தீட்டிக் காட்டியிருந்தால் நூல் இன்னும் ஆழம் பெற்றிருக்கும். ஆனால் பேச்சுமொழியிலேயே முழு நூலையும் எழுதத் துணிந்ததை நான் குறையாகக் கருதவில்லை. திருவழிபாட்டுத் தமிழில் இவ்வாழ்வைச் சொல்லியிருந்தால், அந்த மொழியின் மெருகே உண்மையை மழுக்கியிருக்கும். பனை மட்டையின் இருபுறமும் இரம்பம்போல் இருக்கும் கருக்கைத் தலைப்பாக வைத்தவர் மொழியை மட்டும் எப்படி வழவழப்பாக்குவார்?

அது தென்பாண்டிச் சீமைக் கதை, நம் கொங்கு நாட்டுக்கு அது பொருந்தாது என்று சொல்லலாம். சொல்லவும் செய்கின்றனர். ஆனால் 1846-இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்பெற்ற மரியோன் பிரசில்லாக் ஆண்டகையின் வரலாறு நம் மண்ணுக்கே உரியது. சாதி வழக்கங்களைத் திருச்சபை எந்த அளவுக்குப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதில் அவர் மனச்சான்று அமைதி காணவில்லை. மறைப்பணியாளரிடையே ஒருமனமும் இல்லை. 1855-இல் அவர் பொறுப்பைத் துறந்ததற்கு இது முக்கியமான காரணம். பின்னர் ஆப்பிரிக்கப் பணிக்கென ஒரு சபையைத் தொடங்கி, 1859-இல் சியரா லியோனில் காய்ச்சலுக்குப் பலியானார். ஓர் ஆயரின் உறக்கத்தைக் கெடுத்த கேள்வி நம் உறக்கத்தை ஏன் கெடுக்கவில்லை? கொங்குக் காட்டில் ஆடு மேய்க்கும் பண்ணையாள் சிறுவனின் வாழ்வைப் பெருமாள்முருகன் 'கூளமாதாரி'யில் எழுதியதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். முதலாளி வீட்டுப் பையனோடு அவனுக்கு வாய்க்கும் தோழமை எந்த இடத்தில் நின்றுவிடும் என்பது அந்த நாவலைப் படித்தவர்க்குத் தெரியும்.

ஏட்டுக் கதைகள் போகட்டும். 2019 டிசம்பர் 2-ஆம் நாள் விடியற்காலை, பெருமழையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் ஏறத்தாழ 20 அடி உயரமுள்ள கருங்கல் சுற்றுச்சுவர் ஒன்று சரிந்து ஆதிதிராவிடர் குடியிருப்பின்மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தனர். அது ஆபத்தான சுவர் என்று முன்பே முறையிட்டிருந்ததாக அங்குள்ள மக்கள் கூறினர். அது தங்களை ஒதுக்கிவைக்க எழுந்த தீண்டாமைச் சுவர் என்றும் கூறினர். நியாயம் கேட்டுத் திரண்டவர்கள்மேல் காவல்துறையின் தடியடி விழுந்தது.

இந்நிகழ்ச்சியோடு சேர்த்து நல்ல சமாரியர் உவமையைப் படித்தால் ஒன்று புலப்படும். சமாரியர் வரும்போது கள்வர்கள் போய்விட்டனர். காயம் பட்டாயிற்று. சமாரியர் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்க்கிறார், சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுக்கிறார். நாமும் இந்த வகை அன்பில் பின்தங்கியவர்கள் அல்லர். வெள்ளமோ விபத்தோ வந்தால் அரிசியும் போர்வையும் திரட்ட நம் பங்குகளுக்குத் தெரியும். சுவர் நின்றுகொண்டிருந்தபோது அதன் நிழலில் உறங்கியவர்களுக்காகப் பேசும் அன்புதான் நம்மிடம் அரிது. அதற்கு நிதி தேவையில்லை. உறவினரையும் வாடிக்கையாளரையும் பகைத்துக்கொள்ளும் துணிவு தேவை. எரிகோ சாலையில் விழுந்தவரைத் தூக்கினால் போதாது, அந்தச் சாலையையே மாற்றியமைக்க வேண்டும் என்று மார்ட்டின் லூதர் கிங் வற்புறுத்தியது இதைத்தான்.

சுவர்கள் நமக்குப் புதியனவும் அல்ல. வடக்கன்குளம் ஆலயத்துக்குள்ளேயே சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து வழக்காடியவர்களும் கத்தோலிக்கரே. சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் கோரிய தனி உரிமையை ஏற்கவில்லை. அன்பின் கட்டளையை ஓர் அரசு நீதிமன்றம் நமக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது!

நடூரில் தன் இரு பிள்ளைகளையும் இழந்த தந்தை ஒருவர், அவர்களின் கண்களைக் கொடையாக அளித்தார். அவர் எந்தச் சமயத்தவர் என்று ஆராய நான் முற்படவில்லை. லூக்கா நற்செய்தியிலும் ஆராயப்படுவது அதுவன்று. அந்த உவமையில் இரக்கம் பெறுபவராகவே சமாரியர் வருவார் என்று கேட்டவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவரோ கொடுப்பவராக வருகிறார். முடிவில், அயலாராக நடந்துகொண்டவர் யார் என்று இயேசு கேட்கும்போது, திருச்சட்ட அறிஞரால் 'சமாரியர்' என்ற சொல்லை வாயால் உச்சரிக்க முடியவில்லை. இரக்கம் காட்டியவர் என்று சுற்றி வளைத்துச் சொல்லி ஒதுங்குகிறார்.

பாமா சுற்றி வளைப்பதில்லை. தம் ஊரின் தெருக்களை நூலின் தொடக்கத்திலேயே சாதிப் பெயரிட்டுச் சொல்கிறார். கோயிலும் பள்ளியும் கடையும் எந்தத் தெருக்களில் இருக்கின்றன என்பதையும் சொல்கிறார். நம் அன்பியக் கூட்டங்களில் இந்நூலைப் படிக்க விரும்புவோர் மடத்தைப் பற்றிய இயல்களை முதலில் எடுக்க வேண்டாம். அவை நம்மைத் தற்காப்புக்குத் தூண்டிவிடும். தெருக்களைப் பற்றிய அந்தப் பகுதியிலிருந்து தொடங்கலாம். படித்து முடித்ததும், நம் பங்கின் ஆலயம் எந்தத் தெருவில் இருக்கிறது, அங்கு வந்துசேர யார் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று ஒரு தாளில் வரைந்து பார்க்கலாம்.