அடைமொழியும் வகைநிலையும்: தமிழ்த் தாவரப் பெயர்களைச் சிற்றின உட்பிரிவுகளோடு பொருத்துதல்

ஆய்வுச்சுருக்கம்

தமிழில் தாவரப் பெயர்கள் பல கரு, வெண், செம், நீர், நாய் முதலிய அடைமொழிகளைப் பெற்று வழங்குகின்றன. இலக்கியத் தாவரங்களை அடையாளம் காணும் ஆய்வுகளில் இத்தகைய பெயர்களைத் தாவரவியலின் துணைச்சிற்றினம், வகை ஆகிய நிலைகளோடு நேராகப் பொருத்தும் போக்கு காணப்படுகிறது. அடைமொழி கண்ணுக்குப் புலனாகும் வேறுபாட்டைச் சுட்டுவது. வகைநிலை அவ்வேறுபாட்டின் மரபுத் தன்மை, பரவல், கலப்பு ஆகியன பற்றிய முடிபு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதால் நேரும் பிழைகளைச் சங்குப்பூ, ஊமத்தை, நொச்சி, நெல் ஆகிய நான்கு சான்றுகளின் வழி இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: துணைச்சிற்றினம், வகை, வடிவம், ரகம், அடைமொழி, குறிஞ்சிப்பாட்டு, கருவிளை, நெல்.

முன்னுரை

புறத்தே வன்மை உடையன புல், அகத்தே வன்மை உடையன மரம் என்னும் தொல்காப்பிய மரபியலின் பாகுபாடு தமிழரின் தாவர நோக்கிற்குச் சிறந்த சான்றாகும். இதனைக் காட்டி, தற்கால வகைப்பாட்டியல் முழுவதும் தமிழில் முன்னரே அமைந்திருந்தது எனக் கூறுவாரும் உளர். இலக்கியப் பெயர்களை ஆய்வுக்குரியன அல்ல என ஒதுக்கும் தாவரவியலாரும் உளர். இவ்விரு நிலைகளும் ஒரே குறையுடையன. தமிழ்ப் பெயரீடு எந்த வினாவிற்கு விடையாக எழுந்தது என்பதை இரு சாராரும் ஆராய்வதில்லை. அவ்வினாவை முன்வைத்தே இக்கட்டுரை அமைகிறது.

தாவரவியலில் சிற்றின உட்பிரிவுகள்

லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட ஸ்பீஷிஸ் பிளாண்டாரம் என்னும் நூலில் சிற்றினத்திற்குள் அடங்கும் வகைகளைக் கிரேக்க எழுத்துகளால் குறித்தார். தட்பவெப்பம், மண் போன்ற புறக்காரணங்களால் தோன்றும் மாற்றங்களே வகைகள் என்பது அவர் கருத்து. பின்னர், 1805இல் பெர்சூன் துணைச்சிற்றினம் என்னும் நிலையைக் கையாண்டார். இன்றைய பன்னாட்டுப் பெயரீட்டு விதித்தொகுப்பு சிற்றினத்தின் கீழ்த் துணைச்சிற்றினம், வகை, துணைவகை, வடிவம், துணைவடிவம் என ஐந்து நிலைகளை ஏற்கிறது. இவற்றின் வரிசையை வரையறுக்கும் அத்தொகுப்பு, எவ்வளவு வேறுபாடு இருப்பின் எந்நிலை தரவேண்டும் என வரையறுக்கவில்லை. அம்முடிபு ஆய்வாளரின் பொறுப்பாக விடப்பட்டுள்ளது.

நடைமுறையில், தனித்த நிலப்பரப்பில் பரவி, பல பண்புகளில் ஒருங்கே வேறுபடும் கூட்டமே துணைச்சிற்றினமாகக் கொள்ளப்படுகிறது. ஒரே இடத்தில் கலந்து வளர்ந்து, பூ நிறம் போன்ற ஓரிரு பண்புகளில் மட்டும் மாறுபடுவது வடிவம் எனப்படுகிறது. வகை என்பது இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அதன் எல்லை நாட்டுக்கு நாடு மாறுவதும் உண்டு. வேறுபாடு மரபுவழிப்பட்டதா, சூழலால் விளைந்ததா என்பதும் தெளிவுபெற வேண்டும். வெவ்வேறு வாழிடச் செடிகளை ஒரே தோட்டத்தில் நட்டு வளர்த்து இதனைச் சோதிக்கும் முறையை 1922இல் துரெசான் விளக்கினார். மனிதர் தேர்ந்து பயிரிடுவனவற்றிற்கு வேறொரு விதித்தொகுப்பு 1953 முதல் உள்ளது. தமிழ் வேளாண் வழக்கின் ரகம் என்னும் சொல் இவற்றையே குறிக்கிறது.

செருவிளையும் கருவிளையும்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொகுத்துரைக்கும் தொண்ணூற்றொன்பது மலர்களுள் செருவிளை, கருவிளை என்னும் இரண்டும் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. முன்னதை வெண்காக்கணம் எனவும் பின்னதைக் கருங்காக்கணம் எனவும் நச்சினார்க்கினியர் விளக்குகிறார். இன்று சங்குப்பூ என வழங்கும் கிளிட்டோரியா டெர்னாட்டியா என்னும் ஒரே சிற்றினத்தின் வெண்பூவும் நீலப்பூவுமே இவை. நீலப்பூவில் உள்ள ஆந்தோசயனின் நிறமிகள் வெண்பூவில் உருவாவதில்லை. இரண்டும் ஒரே வேலியில் கலந்து வளரக்கூடியவை. வெண்பூவுடையதைச் சிலர் வகையாகவும் சிலர் வடிவமாகவும் கொண்டனர்.

கபிலர் இரண்டாக எண்ணியதை உரையாசிரியர் ஒரே அடிச்சொல்லின்கீழ்க் கொணர்ந்து நிறத்தால் பிரிக்கிறார். மூலப் பெயர்களிலும் விளை என்னும் உறுப்பு பொதுவாக நிற்கிறது. ஆகவே, இவை உறவுடையன என்னும் உணர்வு தமிழ் மரபில் உண்டு எனக் கூறுவதற்கு இடமுண்டு. எனினும், மலர்களைப் பறித்துக் குவிக்கும் மகளிரின் கண்ணுக்குத் தனித்துத் தெரிவதே கவிதைக்கு வேண்டிய அலகு. இரு பெயர்கள் உள்ளமையால் இரு சிற்றினங்கள் எனக் கொள்வதும், ஒரே சிற்றினம் என்பதால் கபிலரின் எண்ணிக்கை பிழையுடையது எனக் கொள்வதும் பொருந்தா.

ஊமத்தையும் நொச்சியும்

நிறத்தைக்கொண்டு மயங்குதல் தாவரவியலார்க்கும் நேர்ந்துள்ளது. ஊமத்தைக்கு 1753இல் டாட்டூரா மெடெல் எனப் பெயரிட்ட லின்னேயஸ், 1759இல் டாட்டூரா ஃபாஸ்டுவோசா என மற்றொரு சிற்றினத்தையும் அமைத்தார். ஊதா நிறப் பூவுடைய கருவூமத்தைக்குப் பழைய மூலிகை நூல்கள் இப்பின்னைய பெயரையே வழங்கின. பின்னர் அது டாட்டூரா மெடெலின் வகையாகத் தாழ்த்தப்பட்டது. இன்று அப்பெயர் டாட்டூரா மெடெலின் இணைப்பெயராகவே கருதப்படுகிறது. இங்குத் தமிழ்ப் பெயர் மாறவில்லை. தாவரவியலின் முடிபே மும்முறை மாறியது. எனவே, பழைய நூல் ஒன்றிலிருந்து இலத்தீன் பெயரை எடுத்தாளும் ஆய்வாளர் அதன் இன்றைய நிலையையும் அறிந்து கூறுதல் வேண்டும்.

நொச்சியின் சான்று இதற்கு மாறானது. நொச்சி என்பது வைடெக்ஸ் நெகுண்டோ. கருநொச்சி என்னும் பெயரை நோக்குவார்க்கு அது நொச்சியின் ஒரு வகை எனத் தோன்றும். ஆனால், தமிழ் மூலிகை நூல்கள் பலவற்றில் அது அக்காந்தேசிக் குடும்பத்தைச் சேர்ந்த ஜஸ்டிசியா ஜெண்டாருசாவைக் குறிக்கிறது. நொச்சி இன்று லேமியேசிக் குடும்பத்தில் வைக்கப்படுகிறது. மலையாளத்தில் கரிநொச்சி என்பதோ வைடெக்ஸ் நெகுண்டோவையே சுட்டுகிறது. பெயர் ஒப்புமையைக்கொண்டு வகை என முடிவு செய்தால், மருந்திற்குரிய செடியே மாறிவிடும். இது சொல்லாராய்ச்சியின் எல்லையைக் கடந்து மருந்து உண்பவரின் நலனைத் தொடும் சிக்கலாகும்.

நெல்லின் உட்பிரிவுகள்

பயிர்களுள் துணைச்சிற்றினப் பகுப்பிற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது நெல். ஒரைசா சட்டைவாவை இண்டிகா, ஜப்பானிகா எனக் காட்டோவும் அவர்தம் குழுவினரும் 1928இல் பிரித்தனர். இவ்விரு பிரிவுகளையும் கலந்து பெற்ற முதல் தலைமுறைச் செடிகளில் விதைப்பிடிப்புக் குறைந்தமை இப்பகுப்பிற்கு முதன்மைச் சான்றாயிற்று. 2005இல் கேரிஸ் முதலியோர் மரபணுக் குறியீடுகளைக்கொண்டு இண்டிகா, ஆஸ், நறுமண நெல், மிதவெப்ப ஜப்பானிகா, வெப்பமண்டல ஜப்பானிகா என ஐந்து குழுக்களைக் கண்டனர். 2018இல் 3,010 நெல் மாதிரிகளின் மரபணுத்தொகையை ஆராய்ந்த குழுவினர், சீன மரபில் நெடுங்காலம் வழங்கிய சியென், கெங் என்னும் பெயர்களை இவ்விரு பெரும்பிரிவுகளுக்கும் மீண்டும் வழங்கப் பரிந்துரைத்தனர். மக்கள் வழக்கு அறிவியலின் முடிபோடு ஒத்துவரக்கூடும் என்பதற்கு இது சான்று. ஆனால், அவ்வொப்புமை ஆய்வின் முடிவில் பெறப்பட்டது. தொடக்கத்தில் கொள்ளப்பட்ட எடுகோள் அன்று.

இந்நோக்கில் தமிழ் நெற்பெயர்களை அணுகினால் இருவகைத் தடைகள் தோன்றும். முதலாவது, நிறம். அரிசியின் செந்நிறத்திற்கு ஆர்.சி. என்னும் மரபணு முதன்மைக் காரணம். அம்மரபணுவில் நேர்ந்த ஒரே மாற்றம் இண்டிகா, ஜப்பானிகா ஆகிய இரண்டிலும் பரவி வெள்ளரிசியைத் தந்துள்ளது. ஆகவே, சிவப்பு, வெள்ளை என்னும் பகுப்பு துணைச்சிற்றின எல்லையைக் காட்டாது. செந்நெல் என்னும் சொல்லில் செம்மை என்பது நிறமா, சிறப்பா என்பதும் இடம்நோக்கித் துணியத்தக்கது. இரண்டாவது, பொதுச்சொல். மாப்பிள்ளைச் சம்பா, சீரகச் சம்பா என்பவற்றில் சம்பா என்பது சிற்றினம்போல் தோன்றினும், அது பயிர்ப் பருவத்தையும் குறிக்கும் சொல்லாகும். முன்னது சிவப்பரிசி தருவது. பின்னது மணமுள்ள சிறுமணி அரிசி தருவது. பெயரின் பின்னொட்டு ஒன்றாயிருத்தல் மரபுவழி உறவைக் காட்டாது.

கலைச்சொற் சிக்கல்

வெரைட்டி என்னும் ஒரே ஆங்கிலச் சொல் தாவரவியலின் வகையையும் வேளாண்மையின் ரகத்தையும் குறிப்பதால் மயக்கம் பெருகுகிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்திலும் இச்சொல்லே ஆளப்படுகிறது. அங்குப் புதிய ரகம் தனித்தன்மை, சீர்மை, நிலைப்புத்தன்மை ஆகியவற்றால் சோதிக்கப்படுகிறது. உழவர் ரகங்களுக்கும் பதிவு உண்டு. ஓர் உழவர் ரகத்தை ஆய்வுக்கட்டுரை தாவரவியல் வகை எனக் குறிப்பின், அந்நெல்லைத் தேர்ந்து காத்தவர்களின் உழைப்பு இயற்கையின் மாறுபாடாகத் திரிந்து தோன்றும். தமிழில் வகை, ரகம் என இரு சொற்கள் முன்னரே இருப்பது நற்பேறு. பாடநூல் வழக்கான பேரினம், சிற்றினம் என்பவற்றோடு துணைச்சிற்றினம், வகை, வடிவம் என்பவற்றைத் தாவரவியலுக்கும், ரகம் என்பதைப் பயிருக்கும் வரையறுத்து ஆளுதல் தக்கது.

முடிவுரை

• தமிழ்ப் பெயரின் அடைமொழி நிறம், இடம், பயன், பருவம் ஆகியவற்றுள் ஒன்றைச் சுட்டலாம். அது தானாகவே உட்பிரிவு நிலையைத் தருவதில்லை.

• கருவிளையும் செருவிளையும் ஒரு சிற்றினத்துள் அடங்க, நொச்சியும் கருநொச்சியும் வெவ்வேறு குடும்பங்களாக அமைவதால், ஒவ்வொரு பெயரும் தனித்தனியே ஆராயத்தக்கது.

• வகைநிலை கூறும் ஆய்வு, வேறுபாடு மரபுவழிப்பட்டதா, பரவல் தனித்ததா, கலப்பில் விதைப்பிடிப்பு எவ்வாறுள்ளது என்னும் மூன்றனுள் எதனைச் சான்றாகக் கொண்டது எனக் காட்டவேண்டும். சான்று இல்லாவிடத்துச் சிற்றினப் பெயரோடு நிறுத்தி, தமிழ்ப் பெயரை அவ்வாறே வழங்குதல் போதும்.

• வகை, ரகம் என்னும் சொற்களைப் பிரித்தாளுவது உழவர் அறிவிற்கும் தாவரவியலுக்கும் உரிய இடத்தைத் தரும்.

இலத்தீன் பெயர் சேர்ப்பதால் மட்டும் இலக்கியத் தாவர ஆய்வு அறிவியலாவதில்லை. அப்பெயர் நிற்கும் நிலைக்குரிய சான்றையும் உடன் தருதலே அதற்கு வலிமையாகும்.