விளையாட்டு நகைச்சுவையில் பாத்திர மாற்றம்: பார்வையாளர் கருத்துகள் குறித்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

விளையாட்டை மையமாகக் கொண்ட ஒரு நகைச்சுவைக் கதையைப் பார்த்து முடித்தவர்கள், எந்த அணி வென்றது என்று அதிகம் பேசுவதில்லை. "அவன் கடைசியில் திருந்தினானா?", "அவள் ஏன் அவ்வளவு சீக்கிரம் மன்னித்தாள்?", "அந்தச் சண்டைக்குக் காரணம் யார்?" என்றுதான் பேசுகிறார்கள். ஆட்டம் முடிந்துவிடும், ஆட்களைப் பற்றிய வழக்கு முடியாது. இக்கட்டுரை அந்த வழக்கைப் பற்றியது. தமிழில் பலரும் அறிந்த 'சென்னை 600028' (2007), அதன் இரண்டாம் பாகம் (2016), 'லப்பர் பந்து' (2024) ஆகிய படங்களையும், ஒப்பீட்டுக்காக 'டெட் லாஸோ' என்னும் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரையும் எடுத்துக்கொள்கிறேன். இவற்றின் பாத்திரங்கள் குறித்து என் பழைய மாணவர்களும் உறவினர்களும் பேசக் கேட்ட கருத்துகளே இக்கட்டுரைக்குத் தொடக்கம்.

நகை நான்கு

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அவற்றுள் முதலாவது நகை. நகை தோன்றும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கைக் குறிப்பிடுகிறது. எள்ளல் என்பது பிறரை இகழ்வது. இளமை என்பது சிறுபிள்ளைத்தனம். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பதைக் கொண்டதை விடாத தன்மை என்று உரையாசிரியர்கள் விளக்குவர்.

விளையாட்டு நகைச்சுவையைப் புரிந்துகொள்ள இந்த நான்கும் இன்றும் உதவும். எதிரணியைக் கேலி செய்வது எள்ளல். தெருவில் கூடித் திரிவது இளமை. தன் திறமையின் அளவு தெரியாமல் சவால் விடுவது பேதைமை. வயதாகியும் மட்டையைக் கீழே வைக்க மறுப்பது மடன். ஒரு பாத்திரத்தின் எந்தக் குணத்தைக் கண்டு சிரிக்கிறோமோ, அதே குணம் இன்னொருவரை நோகச் செய்வது நமக்குத் தெரியும்போது சிரிப்பு நிற்கிறது. அந்தப் பாத்திரம் மாறத் தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

சென்னை 600028: இளமையின் நகை

வெங்கட் பிரபு இயக்கிய முதல் படம் இது. 2007 ஏப்ரல் 27 அன்று வெளியானது. ராஜா அண்ணாமலைபுரத்தின் அஞ்சல் குறியீட்டு எண்ணே படத்தின் பெயர். விசாலாட்சி தோட்டத்து 'ஷார்க்ஸ்' அணிக்கும் ராயபுரத்து 'ராக்கர்ஸ்' அணிக்கும் உள்ள போட்டிதான் கதைக்களம். ராக்கர்ஸ் அணியின் ரகு (ஜெய்) விசாலாட்சி தோட்டத்துக்குக் குடிவர நேர்கிறது. எதிரிகளின் தெருவிலேயே அவன் வாழ வேண்டியிருக்கிறது. கார்த்திக் (சிவா) தன் நண்பன் பழனியின் (நிதின் சத்யா) தங்கை செல்வியைக் (விஜயலட்சுமி) காதலிப்பதால் நட்பில் விரிசல் விழுகிறது.

இப்படத்தைப் பற்றிப் பேசுவோர் ரகுவின் மாற்றத்தை ஒருமனதாகப் பாராட்டுவதைக் கேட்டிருக்கிறேன். அது சரியான பாராட்டுதான். வீடு மாறுவது, பழைய கூட்டாளிகளை இழப்பது, புதிய இடத்தில் ஒட்டாமல் இருப்பது, பிறகு மெல்ல இணைவது என்று ஒவ்வொரு படியும் காட்சியாக இருக்கிறது. பெரியவர்களுக்கு அது சின்ன விஷயம். தெருவே உலகமாக இருக்கும் வயதில் அது பெரிய இழப்பு. படம் அந்த வயதை மதிக்கிறது.

குறை சொல்வோர் செல்வியைக் காட்டுகிறார்கள். அண்ணனும் காதலனும் மனத்தாங்கல் கொண்டு பிரிவதும் பிறகு சேர்வதும் விரிவாக வருகின்றன. நடுவில் நிற்கும் பெண்ணின் மனம் என்ன ஆயிற்று என்பதற்குப் படத்தில் அந்த அளவு இடமில்லை. என் பழைய மாணவி ஒருவர் இதை, "அவள் ஸ்கோர் போர்டு மாதிரி, எல்லாரும் பார்ப்பாங்க, யாரும் கேட்க மாட்டாங்க" என்று சொன்னார். கடுமையான தீர்ப்பு, ஆனால் தவறில்லை.

இரண்டாம் பாகம் 2016 டிசம்பர் 9 அன்று வந்தது. இப்போது பலருக்குத் திருமணமாகிவிட்டது. ரகுவின் திருமணத்துக்காகத் தேனிப் பக்கம் போகும் நண்பர்கள் அங்கேயும் ஓர் ஆட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் பாகத்தை விரும்பியவர்களில் ஒரு சாரார் "பழைய பசங்களைத் திரும்பப் பார்த்ததே போதும்" என்றனர். மற்றொரு சாரார் "இவர்கள் வளரவே இல்லையே" என்றனர்.

இரண்டாம் சாரார் சொல்வதில் நியாயம் உண்டு. இருபது வயதில் வீட்டுக்குச் சொல்லாமல் ஆடப் போவது இளமையின் நகை. முப்பது கடந்து, மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு ஆடப் போவது மடன். இரண்டுக்கும் சிரிக்கலாம், ஆனால் ஒரே சிரிப்பைச் சிரிக்க முடியாது. மனைவிமாரின் கோபத்தைப் படம் பெரும்பாலும் ஆட்டத்துக்கு வரும் இடையூறாகவே நடத்துகிறது. அந்தக் கோபத்துக்குள் ஒரு கதை இருப்பதைக் கவனிக்கவில்லை. பாத்திரங்களுக்கு வயதாகிவிட்டது, படத்தின் சிரிப்புக்கு வயதாகவில்லை.

லப்பர் பந்து: மடனின் நகை

தமிழரசன் பச்சமுத்து இயக்கி 2024 செப்டம்பர் 20 அன்று வெளியான 'லப்பர் பந்து' அந்தக் குறையிலிருந்தே தொடங்குகிறது எனலாம். 'கெத்து' என்று ஊரார் அழைக்கும் பூமாலை (அட்டகத்தி தினேஷ்) ஊர்க் கிரிக்கெட்டில் எல்லோரும் அஞ்சும் மட்டையாளன். அவன் மனைவி யசோதாவுக்கு (சுவாசிகா) அவன் ஆடப் போவது பிடிக்காது. தொடக்கத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அவள் டிராக்டரை ஓட்டிவந்து ஆடுகளத்தை உழுதுவிடுகிறாள். மறுபுறம் அன்பு (ஹரிஷ் கல்யாண்). சாதியின் பெயரால் 'ஜாலி பிரெண்ட்ஸ்' அணியில் இடம் மறுக்கப்பட்டு, பல அணிகளுக்கு வெளியாளாக ஆடிக்கொண்டிருப்பவன். கெத்துவின் ஆட்டத்தில் உள்ள குறையைப் பற்றி அன்பு சொன்ன ஒரு கருத்து இருவருக்கும் பகையாகிறது. அன்பு காதலிக்கும் துர்கா (சஞ்சனா) கெத்துவின் மகள் என்பது பின்னரே அவனுக்குத் தெரிகிறது.

இப்படத்தில் அதிகம் விவாதிக்கப்படும் பாத்திரம் யசோதா. "அவன் குடிக்கவா போனான், பந்துதானே ஆடினான், அதற்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். "அவன் ஆடிய நாளெல்லாம் வீட்டையும் பிள்ளையையும் பார்த்தது யார்?" என்று திருப்பிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பணியில் இருந்த காலத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள், குன்னூரைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு நடுவராக நின்றிருக்கிறேன். இங்கே சமதரை கிடைப்பது அரிது. ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் சரிவு. கீழ்ப்பக்கம் அடித்த பந்து தேயிலைச் செடிக்குள் போனால் தேடி எடுக்கக் கால் மணி நேரம் ஆகும். பனி இறங்கினால் பந்துவீசுபவர் யாரென்றே தெரியாது. அந்த ஞாயிறுகளை என் வாழ்வின் நல்ல நாட்கள் என்று இன்றும் எண்ணுகிறேன்.

வீட்டில் 'லப்பர் பந்து' பார்த்தபோது டிராக்டர் காட்சிக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் மனைவியும் சிரித்தார். பிறகு, "நீங்க அம்பயரா நின்ன ஞாயித்துக்கெழம எல்லாம் இந்த வீட்ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. என்னிடம் பதில் இல்லை. யசோதாவைப் பற்றிய கருத்துகள் ஏன் இரண்டாகப் பிரிகின்றன என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மைதானத்தில் நின்றவர்கள் ஒரு படத்தைப் பார்க்கிறார்கள், வீட்டில் இருந்தவர்கள் இன்னொரு படத்தைப் பார்க்கிறார்கள்.

இயக்குநர் இரண்டையும் ஒரே படத்தில் வைத்திருப்பதுதான் இதன் பலம். யசோதா வீட்டை விட்டுப் போன பிறகு, அவள் இல்லாத வீட்டில் கெத்துவும் அவன் தாயும் (கீதா கைலாசம்) இருக்கும் காட்சிகளில் பந்து இல்லை, கைதட்டல் இல்லை. மாமியார் மருமகளுக்காக ஏங்குகிறாள். நாம் சிரித்த அதே பிடிவாதத்தின் விலை அங்கே தெரிகிறது. கெத்துவின் மாற்றத்தை நாம் நம்புவது அந்த வெறுமையைப் பார்த்ததால்தான்.

அன்புவைப் பற்றிய கருத்து வேறுபாடு வேறு வகை. "இருவருக்கும் சமமான அகந்தை, இருவரும் இறங்கிவந்தார்கள்" என்று படத்தைச் சுருக்கிச் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். இது பாதி உண்மை. கெத்துவின் அகந்தை கைதட்டலில் வளர்ந்தது. அன்புவின் அகந்தை, சிறுவயதில் கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டதில் வளர்ந்தது. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒரே எள்ளலாகத் தோன்றினாலும் வேர் வேறு. அகந்தையை விடு என்று கெத்துவிடம் சொல்வது போல, உள்ளே சேர்க்கப்படாதவனிடம் சொல்ல முடியாது. அவன் மாறுவதற்கு அணியும் மாற வேண்டும். காளி வெங்கட் நடித்த கருப்பையாவும், பந்து வீசத் தெரிந்த அவர் மகளும் கதைக்குள் இருப்பது அதனால்தான். மாணவர்கள் இப்படத்தைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது.

டெட் லாஸோ: தொடரின் வசதியும் ஆபத்தும்

இரண்டரை மணி நேரப் படத்துக்கு இல்லாத ஒரு வசதி தொலைக்காட்சித் தொடருக்கு உண்டு. அது நேரம். ஆப்பிள் டிவி பிளஸ் தளத்தில் 2020 ஆகஸ்டில் தொடங்கிய 'டெட் லாஸோ', 2023 மே மாதம் வரை மூன்று பருவங்களில் 34 பகுதிகளாக வந்தது. அமெரிக்கக் கால்பந்தை மட்டுமே அறிந்த ஒரு பயிற்சியாளர் (ஜேசன் சுடேகிஸ்) இங்கிலாந்தில் ஒரு கால்பந்து அணிக்குப் பொறுப்பேற்பது கதை.

இத்தொடரில் பார்வையாளர்களை மிகவும் பிரித்த பாத்திரம் நேட் (நிக் முகமது). வீரர்களின் உடைகளைப் பராமரிக்கும் எளிய பணியாளனாக வருகிறான். டெட் அவனைக் கவனித்து உதவிப் பயிற்சியாளராக உயர்த்துகிறார். இரண்டாம் பருவத்தில் அவன் மனம் கசந்து டெட்டுக்குத் துரோகம் செய்கிறான். மூன்றாம் பருவத்தில் எதிரணியின் தலைமைப் பயிற்சியாளனாகி, பிறகு அதை விட்டு விலகித் திரும்பி வருகிறான். அவன் கசந்துபோனது படிப்படியாகக் காட்டப்பட்டது. கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் துப்புவது, தந்தையின் ஒரு நல்ல சொல்லுக்குக் காத்திருப்பது என்று பல காட்சிகள் உண்டு. ஆனால் புதிய வேலையை அவன் விட்டு விலகிய தருணம் திரையில் இல்லை. அது நடந்ததாகக் கேள்விப்படுகிறோம், அவ்வளவுதான். பலர் ஏமாற்றமடைந்தது இதனால்தான். நேட்டை மன்னித்ததை அவர்கள் எதிர்க்கவில்லை. மன்னிக்கும் அளவுக்கு அவன் மாறியதைக் காண முடியவில்லையே என்பதே குறை.

இதற்கு மாறாக, செருக்குள்ள இளம் வீரன் ஜேமி டார்ட்டின் மாற்றத்தை ஏறக்குறைய எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். கொடிய தந்தை, அவன் முன்னால் அடங்கிப்போகும் மகன், ஓர் ஆட்டத்துக்குப் பின் உடைமாற்றும் அறையில் நடக்கும் மோதல், அதன் பின் எதிரியாக இருந்த ராய் வந்து அவனை அணைத்துக்கொள்வது என்று எல்லாம் நம் கண்முன் நடக்கிறது. ஒரே தொடரில், ஒரே எழுத்தாளர் குழுவிடம், ஒரு மாற்றம் நிலைத்தது, இன்னொன்று நழுவியது.

மாறாத பாத்திரங்கள்

எல்லாப் பாத்திரமும் மாற வேண்டும் என்பதும் தவறான எதிர்பார்ப்பு. 'சென்னை 600028' படத்தின் சீனு (பிரேம்ஜி) இரண்டு பாகங்களிலும் மாறுவதில்லை. அது குறையல்ல. தெருக்கூத்தில் கட்டியங்காரன் கடைசிவரை கட்டியங்காரனாகவே இருக்கிறான். மற்றவர்கள் எவ்வளவு தூரம் போய்விட்டார்கள் என்பதை அளக்க, ஒருவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது. கதை ஒருவரை மாற்றப்போவதாக நமக்கு உணர்த்திவிட்டு மாற்றாமல் விட்டால்தான் குறை.

மாணவர்களுக்கு

ஒரு பாத்திரத்தின் மாற்றத்தைப் பற்றி எழுதும்போது கீழ்க்கண்ட கேள்விகள் உதவும்:

- தொடக்கத்தில் இவரைக் கண்டு நாம் எதற்காகச் சிரித்தோம்? நகை நான்கில் அது எது?
- அந்தக் குணம் யாரை நோகச் செய்தது? அந்த நபருக்குப் படத்தில் பேச இடம் இருக்கிறதா?
- மாற்றம் எந்தக் காட்சியில் நடக்கிறது? காட்சியைக் குறிப்பிட முடியாவிட்டால், மாற்றம் நடந்ததாகச் சொல்லப்படுகிறது என்று மட்டுமே எழுத வேண்டும்.
- மாறுவதற்கு இவர் எதை இழந்தார்?

முடிவுரை

பார்வையாளர் கருத்துகள் முரண்படும்போது யாரோ ஒருவர் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று எண்ணுவது எளிது. பெரும்பாலும் அவரவர் நின்ற இடம்தான் வேறு. ரகுவும் கெத்துவும் ஜேமியும் நம் மனத்தில் நிலைப்பது, அவர்கள் கொடுத்த விலையை நாம் பார்த்ததால். செல்வியும் இரண்டாம் பாகத்து மனைவிமாரும் மங்கிப்போவது, அவர்கள் கொடுத்த விலை கணக்கில் ஏறாததால். நடுவராக நின்ற காலத்தில் ஒரு தீர்ப்புக்கு முன் இரண்டு பக்கமும் பார்ப்பேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவன் நான். மைதானத்துக்கு வெளியே மூன்றாவது பக்கம் ஒன்று இருந்ததை ஒரு நகைச்சுவைப் படமும் என் மனைவியின் ஒரு கேள்வியும் சேர்ந்து காட்டின. அதன் பிறகு அந்தக் காட்சி வரும்போதெல்லாம் சிரிக்கத்தான் செய்கிறேன், முன்பு சிரித்தது போல் அல்ல.