போஸ்ட்-இட் கதையில் விட்டுப்போன பன்னிரண்டு வருஷம்

புத்தாக்கம் பற்றி எந்த ஆபீஸ் பயிற்சிக்குப் போனாலும் இரண்டாவது ஸ்லைடில் மஞ்சள் ஒட்டுத்தாள் வந்துவிடும். இருபது வருஷ சர்வீஸில் ஏழெட்டு தடவையாவது இதைக் கேட்டிருப்பேன். 3எம் கம்பெனியில் ஒருத்தர் பலமான பசை செய்யப் போனார், பலமில்லாத பசைதான் வந்தது, கடைசியில் அதுவே கோடிக்கணக்கில் விற்றது. ஆகவே தோல்விக்குப் பயப்படாதீர்கள். கைதட்டல், டீ, பிஸ்கட்.

கதை பொய்யில்லை. ஆனா அதில் வருஷங்களைச் சொல்ல மாட்டார்கள். அதைச் சேர்த்துப் பார்த்தால் வேற கதையாகிவிடுகிறது.

ஸ்பென்சர் சில்வர் அந்தப் பசையைக் கண்டுபிடித்தது 1968ல். எதுக்குப் பயன்படும்னு அவருக்கே தெரியவில்லை. கம்பெனிக்குள்ளேயே பல வருஷம் கூட்டம் போட்டு, கேட்கிறவர்களிடமெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். அப்படித்தான் அது ஆர்ட் ஃப்ரை காதில் விழுந்தது. சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவர் ஃப்ரை. பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளச் சீட்டுகள் விழுந்துகொண்டே இருக்க, அந்தப் பசை அவர் ஞாபகத்துக்கு வந்தது 1974ல். 1977ல் நாலு ஊர்களில் வேற பேரில் விற்றுப் பார்த்தார்கள், சரியாகப் போணியாகவில்லை. அடுத்த வருஷம் பாய்சி நகரத்தில் இலவசமாக வாரிக் கொடுத்தார்கள். வாங்கிப் பார்த்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் காசு கொடுத்தும் வாங்குவோம் என்றார்கள். அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்தது 1980ல்.

ஆக, பன்னிரண்டு வருஷம். அத்தனை வருஷமும் யாரோ சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். "இந்த குவார்ட்டரில் என்ன கிழிச்சே?" என்று கேட்டு இழுத்து மூடவில்லை. வேலை நேரத்தில் 15% சொந்த யோசனைக்கு என்ற 3எம் வழக்கம் இதுக்குப் பின்னால் இருக்கிறது. அதே கம்பெனிக்கு 2001ல் ஜேம்ஸ் மெக்நெர்னி தலைவராக வந்து சிக்ஸ் சிக்மாவைக் கொண்டுவந்தார். தொழிற்சாலையில் அது செலவைக் குறைத்தது. ஆராய்ச்சிக் கூடத்திலும் அதே அளவுகோலை வைத்தது தப்பு என்ற விமர்சனம் எழுந்து, அடுத்து வந்த ஜார்ஜ் பக்லி அதைத் தளர்த்த வேண்டியதாயிற்று. பயிற்சி ஸ்லைடுகளில் நான் இதுவரை பார்க்காத பகுதி இது.

கூகுளின் 20% நேரமும் இப்படித்தான். 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம், சென்னை ஐஐடியில் படித்த கிருஷ்ணா பரத் செய்திகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்க்கும் நிரலை எழுதினார், அது கூகுள் நியூஸ் ஆனது என்பார்கள். அங்கேயே ரொம்ப வருஷம் இருந்த மரிஸா மேயர், 20% என்பது நிஜத்தில் 120%தான் என்று பின்னாளில் சொன்னதை யாரும் சொல்வதில்லை. வழக்கமான வேலையை முழுசா முடித்துவிட்டு அதுக்கு மேல் செய்வதற்குப் பெயர் சுதந்திரமா, ஓவர்டைமா?

இதை எழுத எனக்குத் தகுதி இருக்கா என்றால் பாதிதான். சில வருஷம் முன்னால் என் டீமில் ஒரு பையன், ராத்திரி ஓடும் டெஸ்ட்டுகளில் ஒரே காரணத்தால் விழுகிறவற்றைச் சேர்த்துக் காட்டும் சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டு வந்தான். நான் கேட்ட முதல் கேள்வி, "இது எந்த டிக்கெட்ல வருது தம்பி?" டிக்கெட் எதுவும் இல்லை. ரிலீஸ் முடியட்டும், அப்புறம் பார்ப்போம் என்றேன். அதே மாதம் ஆபீஸில் புத்தாக்க வாரம். முதல் பரிசு ஒரு சாட்பாட்டுக்குப் போனது. டெமோவுக்கு அப்புறம் அதை யாரும் திறந்ததாக எனக்கு நினைவில்லை. பையன் சில மாதத்தில் வேற கம்பெனிக்குப் போய்விட்டான். அப்புறம் அதே ஸ்கிரிப்டை நாங்கள் டிக்கெட் போட்டு, மூணு வாரம் செலவழித்து எழுதினோம்.

நான் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. சர்வீஸ் கம்பெனியில் மணி நேரம் கிளையண்டுக்குச் சொந்தம். டிக்கெட் இல்லாத நேரத்துக்குக் கணக்கு எழுத இடமே இல்லை. 3எம் சொந்தப் பொருளை விற்கிற கம்பெனி, லாபத்தில் ஒரு பங்கை எதிர்காலத்துக்கு ஒதுக்க அதால் முடியும். நம்ம தொழிலின் கணக்கு முறையை மாற்றாமல் 3எம் கதையை மட்டும் இறக்குமதி செய்தால் பழி ஊழியர் தலையில்தான் விழும்: "உங்களுக்கு கிரியேட்டிவிட்டி போதாது."

பொறுமைக்கும் விலை உண்டு என்பது எனக்குத் தெரியாமலில்லை. பன்னிரண்டு வருஷம் தாங்கியும் ஒண்ணுமில்லாமல் போன பசைகளைப் பற்றி யாரும் ஸ்லைடு போடுவதில்லை. அந்த நஷ்டத்தையும் சேர்த்து ஏற்றுக்கொள்வதுதான் ஊக்குவிப்பு. இல்லாவிட்டால் அது வெறும் விழா.

இப்போதெல்லாம் பயிற்சி முடிவில் "கேள்விகள் உண்டா?" என்றால் ஒன்றுதான் கேட்கிறேன்: "இந்த நேரத்தை டைம்ஷீட்டில் எந்த கோடில் போடறது?" இதுவரை பதில் வரவில்லை. என் டீமில் மட்டும் பராமரிப்பு என்ற தலைப்பில் வெள்ளிக்கிழமை ரெண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். அதில் என்ன செய்தீர்கள் என்று நான் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை.