செயற்கைச் சிலந்திப் பட்டு: முதலீட்டாளரின் நம்பிக்கையும் ஐயமும்

'உருக்கிலும் ஐந்து மடங்கு வலியது' என்னும் தொடர் செயற்கைச் சிலந்திப் பட்டு பற்றிய அறிவிப்புகளிற் கால் நூற்றாண்டாக ஒலித்து வருகின்றது. தொடர் பொய்யன்று, முழு உண்மையுமன்று. சிலந்தி தன் வலையின் சட்டத்துக்கு இடும் இழை, சம பருமனில் நோக்கின், உயர்தர உருக்கினும் வலிமை குறைந்ததே. உருக்கின் அடர்த்தி ஏறத்தாழ ஆறு மடங்காகையால், நிறையளவில் நோக்கும்போது மட்டுமே இழை முந்துகின்றது. கெவ்லாருடன் ஒப்பிடின் இவ்வழியும் அடைபடும். இழுவை வலிமையிற் கெவ்லாரே மேலானது. அறுபடுமுன் உறிஞ்சும் சக்தியிலேதான் சிலந்தியிழை அதனை வெல்கின்றது. விளம்பரமோ ஓரிடத்தில் உருக்கையும் மற்றோரிடத்திற் கெவ்லாரையும் வசதிக்கேற்ப அளவுகோலாக எடுத்தது. முதலீட்டாளரின் நம்பிக்கையிற் பெரும்பகுதி இந்த அளவுகோல் மாற்றத்தின்மீது எழுந்ததெனலாம்.

சிலந்திகள் ஒன்றையொன்று தின்பவை. பட்டுப்புழுவைப் போல் மந்தையாக வளர்க்க இயலாதவை. 2009 இல் நியூயோர்க்கிற் காட்சிக்கு வைக்கப்பட்ட மடகஸ்கார்த் துணியொன்றுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சிலந்திகளும் நான்கு ஆண்டுகளும் தேவைப்பட்டன. ஆகவே சிலந்தியின் பரம்பரையலகை வேறோர் உயிரினுட் புகுத்தும் வழி நாடப்பட்டது. அப்பரம்பரையலகின் ஒரு பகுதியை 1990 இல் வெளிப்படுத்தியது வயோமிங் பல்கலைக்கழக ஆய்வு.

கனடாவின் நெக்சியா நிறுவனம் ஆட்டுப் பாலிலிருந்து இப்புரதத்தைப் பெற முனைந்து, 2000 ஆம் ஆண்டின் இறுதியிற் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றது. பாலாடு பட்டு சுரக்கும் கதையைப் பத்திரிகைகள் விடுமா? 2002 இல் அந்நிறுவனம் அமெரிக்கத் தரைப்படை விஞ்ஞானிகளுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, உயிர்க்கல வளர்ப்பிற் பெற்ற புரதத்தை இழையாக்கலாம் எனக் காட்டியது. அவ்விழையின் வலிமை இயற்கையிழையினும் குறைந்தது என்பதையும் அவ்வாய்வே கூறிற்று. ஐயுறுவதற்கான சான்று ஒளிக்கப்படவில்லை.

உண்மையில் இடர்ப்பாடு புரதத்தைப் பெறுவதோடு முடிவதில்லை. சிலந்தியின் சுரப்பியில் அப்புரதம் நீரிற் செறிந்து கரைந்திருக்கும். ஒடுங்கிச் செல்லும் நுண்குழாயில் அமிலத்தன்மை மாறுவதாலும் இழுவிசையாலும் அது கணத்தில் இழையாகின்றது. ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும் நீண்ட பரம்பரையலகைப் பற்றீரியா இலகுவில் தாங்குவதில்லை. குறுகிய புரதத்தை இரசாயனக் கரைசலில் நூற்றெடுக்கும் தொழிற்சாலை, சிலந்தியின் குழாயைப் பெயரளவிலேயே பின்பற்றுகின்றது.

யப்பானின் ஸ்பைபர் நிறுவனத்தின் அனுபவம் இதனினும் நுட்பமானது. இயற்கைச் சிலந்தியிழை நனைந்தால் வெகுவாகச் சுருங்கும். மழைக்கும் பனிக்கும் அணியும் குளிரங்கிக்கு இதனினும் கேடான குணம் வேறில்லை. 2015 இல் மாதிரி காட்டப்பட்ட அவ்வங்கி, புரதத்தையே மாற்றியமைத்த பின்னர் 2019 இல், ஒன்று 150,000 யென் வீதம் 50 அங்கிகளாக மட்டும் விற்பனைக்கு வந்தது. விற்கப்பட்டது சிலந்திப் பட்டுத்தானா என்பதே கேள்வி.

ஐயங்கொண்டோரின் வாதத்திலும் குறையுண்டு. கிலோ விலையை நைலோனுடன் ஒப்பிட்டு முழு முயற்சியையும் ஏமாற்று என்பது பொருந்தாது. பற்றீரியாவிற் பெற்ற இன்சுலின் 1982 இல் அனுமதி பெற்று வெற்றிகண்டது. அங்கு சிறிதளவு புரதமே நோயாளிக்குப் போதுமாயிருந்தது. ஆடையோ தொன் கணக்கில் விலைபோவது. எனவே விஞ்ஞானம் தவறவில்லை. அதற்குத் தேர்ந்த சந்தையே தவறியது. மதுவத்திற் புரதம் வளர்த்த கலிபோர்னியாவின் போல்ட் திறெட்ஸ் 2017 இல் 50 கழுத்துப்பட்டிகளை, ஒன்று 314 டொலருக்கு, விற்றது. பின்னர் முகப்பூச்சுக்கான மூலப்பொருளுக்குத் திரும்பி 2024 இல் நஸ்டாக் சந்தையில் நுழைந்தது. குண்டு துளைக்காக் கவசமாக வாக்களிக்கப்பட்டது முகப்பூச்சிற் போய் நின்றது.

நெக்சியாவின் ஆடுகளோ வேறு வழி சென்றன. நிறுவனம் ஒடுங்கியபோது அவற்றுட் சிலவற்றை வயோமிங் பல்கலைக்கழகம் ஏற்றது. 2011 இல் அவை ஆய்வாளருடன் யூட்டா அரச பல்கலைக்கழகத்துக்குப் பெயர்ந்தன. பரம்பரையலகை முதலிற் கண்டதும் பொதுப் பணத்தில் இயங்கிய பல்கலைக்கழகம். இலாபம் தராத ஆடுகளுக்குத் தீனி வைத்ததும் அதுவே.