வழவழா கொழகொழா: கல்வெட்டா, நாமா?

காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஆதித்த கரிகாலன் கொலையைக் குறிப்பிடும் கல்வெட்டு இருக்கிறது. அதைப் பற்றி யார் எழுதினாலும் 'மர்மம்' என்ற சொல் வந்துவிடுகிறது. கல்வெட்டே பூடகமாகப் பேசுதுன்னு பலரும் நம்புறாங்க. வாசித்துப் பார்த்தால் அப்படி இல்லை.

ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டில், அதாவது சுமார் 987இல் பொறிக்கப்பட்டது என்பது பொதுவான கருத்து. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு வந்த அரசாணையை அது சொல்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. யார் யார் சொத்து பறிபோகும் என்பதில் இன்னும் கறார். 'உற்றார் உறவினர்' என்று மொட்டையாக விட்டிருக்கலாம். விடவில்லை. பிள்ளைகள், பெண் கொடுத்த மாமனார், தாய்மாமன், உடன்பிறந்தவளைக் கட்டியவர், மகளைக் கட்டியவர் என்று ஒவ்வொரு உறவாக எண்ணுகிறது. நில விவகாரமாச்சே, மழுப்பினால் நாளைக்கு வழக்கு வரும்.

ஏன் கொன்றார்கள், யாராவது ஏவினார்களா என்பது பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் சொல்லாமல் விடுவது வேறு, தெளிவில்லாமல் சொல்வது வேறு. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம்.

ராஜராஜனுக்கு முன் ஆண்டவர் உத்தம சோழன். அவர் காலத்தில் கொலையாளிகள் தண்டிக்கப்படவில்லை என்று கொண்டு, நீலகண்ட சாஸ்திரி அவரைச் சந்தேகித்தார். சதாசிவப் பண்டாரத்தார் மறுத்தார். இது சோதித்துப் பார்க்கக்கூடிய சண்டை. நடவடிக்கை அந்த ஆண்டில்தான் தொடங்கியதா, அதற்கு முன்பே தொடங்கியதா என்பதைப் பொறுத்துச் சாஸ்திரியின் வாதம் நிற்கும் அல்லது விழும்.

இன்றைய பேச்சு அப்படி இல்லை. 'உத்தமனுக்குத் தொடர்பு உண்டு' என்கிறார்கள். தொடர்புன்னா என்னங்க? ஏவினாரா? தெரிந்தும் சும்மா இருந்தாரா? கொலையால் அரியணை கிடைத்தது, அவ்வளவுதானா? முதல் கேள்வியில் மடக்கினால் மூன்றாவதுக்குத் தாவிவிடலாம். ஆள் போனதும் மறுபடி முதலாவதுக்கே வந்துவிடலாம். 'பிரம்மாதிராஜன்' என்பது பிராமண அதிகாரிகளுக்குத் தரப்பட்ட பட்டம். குற்றவாளிகளில் சிலருக்கு அது இருந்ததை வைத்து, 'பின்னணியில் ஒரு சாதியே இருந்தது' என்பதும் இதே வித்தைதான். ராஜராஜனின் ஆணைகூட உறவுமுறைக்கு ஓர் எல்லை கட்டியது. 'பின்னணி'க்கு எல்லையே கிடையாது.

அடுத்த முறை இந்தக் கொலை பற்றி ஏதாவது படித்தால், 'தொடர்பு' வரும் இடத்தில் ஒரு வினைச்சொல்லைப் போட்டுப் பாருங்க. ஏவினார், மறைத்தார், காப்பாற்றினார், எதுவானாலும் சரி. போட முடியலைன்னா, எழுதினவருக்கே சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தம்.