நட்சத்திரகன் வரும் கிழமை

அப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்னை போகும் பாதையோரம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம். செவ்வாய்க்கிழமை அந்தி. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் இஸ்தோப்பில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. "நட்சத்திரகன் வந்துட்டான்டி" என்றாள் ஒருத்தி. இரண்டு பேர் எழுந்து உள்ளே போனார்கள், ஒரு கதவு சாத்திக்கொண்டது. யாரம்மா அது என்று கேட்டேன். "லோன்காரன்தான் சேர். கடன் கேட்டு வாறவனுக்கு எங்க அப்பாயி வச்ச பேரு."

அவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அரிச்சந்திர நாடகத்தை அவள் பார்த்ததில்லை, அப்பாயி பார்த்திருக்கிறாள். நாட்டை இழந்து நடக்கும் அரசனின் பின்னாலேயே, கடனை வசூலிக்க விசுவாமித்திரர் அனுப்பும் ஆள்தான் நட்சத்திரகன். பசிக்கிறது என்பான், கால் நோகிறது என்பான், ஆனால் விட்டுப் போகமாட்டான். மேடையில் இந்த வேஷத்துக்குச் சிரிப்பு விழும். வாரத் தவணை கட்டும் நுண்கடன் காலத்து லயத்தில் அந்தப் பெயருக்கு யாரும் சிரிக்கவில்லை.

மலையகக் கூத்துகளையும் பாடல்களையும் சி.வி. வேலுப்பிள்ளை, சாரல்நாடன், மாத்தளை வடிவேலன் போன்றவர்கள் தேடித் தொகுத்து எழுதினார்கள். நான் தேடுவது அவற்றின் சிந்தல் சிதறலை. கூத்து முடிந்து வேஷம் கலைத்த பிறகு வாயில் ஒட்டிக்கொண்டு லயத்துக்குள் வந்த சொற்களை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எது மேடையிலிருந்து வந்தது, எது புராணத்திலிருந்து வந்தது? 'பெரிய அரிச்சந்திரன்' என்று ஒருவனைக் கிண்டல் செய்தால் அது பள்ளிக்கூடப் பாடத்திலிருந்தும் வந்திருக்கலாம். ஆனால், "அந்த வீட்ல நேத்து ராத்திரி மயானகாண்டம்" என்றால் அது மேடைதான். அரிச்சந்திர நாடகத்தின் சுடலைப் பகுதியை மட்டும் தனியாக எடுத்து விடிய விடிய ஆடும் வழக்கம் இருந்தது. தமிழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழி வந்த நாடகக் குழுக்களும், இலங்கையில் நடிகமணி வி.வி. வைரமுத்துவும் அந்தப் பெயரை ஊர் ஊராகப் பதித்தார்கள். நாத்தனாரை வதைக்கும் அண்ணிக்கு இன்றும் 'மூளி அலங்காரி' என்றுதான் பெயர். அது நல்லதங்காள் கதையில் வருபவள். ஏழு பிள்ளையோடு அண்ணன் வீட்டுப் படியேறிய தங்கைக்குக் கஞ்சி ஊற்ற மனமில்லாதவள். ரேஷன் அரிசியை அளந்து வாழ்ந்த லயத்தில் அந்தக் கொடுமைக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

எல்லாவற்றிலும் செழிப்பான வயல் காமன் கூத்து. மாசி அமாவாசை கழிந்து வைக்கோல் பிரி சுற்றிய கம்பம் ஊன்றுவார்கள். தப்பு அடிபடும். இரவிரவாக ரதி, மன்மதன், தூதன், குறவன் குறத்தி, வீரபத்திரன், எமன் என்று வேஷங்கள் இறங்கும். பௌர்ணமியை ஒட்டி மன்மதன் எரிவான். சேலை கட்டிய ஆண்பிள்ளைதான் ரதி. அவன் ஒப்பாரி எடுக்கும்போது சுற்றி நிற்கும் பெண்கள் மன்மதனுக்காகவா அழுகிறார்கள்? அந்த வருசம் செத்த தங்கள் வீட்டு ஆளுக்காகத்தான். பிறகு சிவன் இரங்கி மன்மதனை எழுப்புவார். ஆனால் அவன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான்.

இந்தக் கடைசி நிபந்தனை எங்கே போய் ஒட்டியிருக்கிறது தெரியுமா? கொழும்பில் கடையில் வேலை செய்து, தீபாவளிக்கும் தேருக்கும் மட்டும் இரவு ரயிலில் வந்துபோகும் ஒரு புருசனைப் பற்றி அண்டை வீட்டுக்காரி சொன்னாள்: "அவ மன்மதன் அவ கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவான்." அழகன் என்று சொல்ல 'மன்மதன்' எந்த ஊரிலும் உண்டு. இப்படிச் சொல்ல காமன் கூத்தின் கடைசி நாள் வரை விழித்திருக்க வேண்டும்.

மன்மதன் எரிந்தானா இல்லையா என்று இரு தரப்பாக லாவணி பாடுவது தஞ்சைப் பக்கத்து வழக்கம். அந்த 'எரிந்த கட்சி, எரியாத கட்சி' கடல் தாண்டி வந்து வேறு வேலைக்குப் போயிருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கு ஆயிரம் ரூபாய் நாள் சம்பளம் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வரும்வரை தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் வருடக்கணக்கில் பேசியதைப் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக் கிழவர் ஒருவர் இந்த இரண்டு சொல்லில் முடித்துவிட்டார். பத்திரிகைகளில் வந்த தலையங்கங்களை விட அது எனக்குத் தெளிவாக இருந்தது.

சினிமா வழியாக வந்தது தனிக்கணக்கு. 'ரத்தத் திலகம்' (1963) ஒத்தெல்லோவையும், 'சொர்க்கம்' (1970) ஜூலியஸ் சீசரையும் சிவாஜியின் உடம்பில் ஏற்றி ஊருக்குக் காட்டின. நம்பியவன் முதுகில் குத்தினால் 'புரூட்டஸ்' என்று பதுளை மேடைகளிலும் பேசுகிறார்கள். சேக்ஸ்பியரைப் படித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை. 'ராஜபார்ட்'டில் உள்ள 'பார்ட்', 'பபூன்' இரண்டும் ஆங்கிலம் என்பதே பலருக்கு மறந்துவிட்டது. வெள்ளைக்காரத் தொரையின் பாஷை தொரையிடமிருந்து வராமல் நாடகக் கொட்டகை வழியாக வந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோசம்.

இந்தத் தேடலில் ஏமாறுவதும் உண்டு. போன மாசியில் டவுனில் ஒரு முச்சக்கரவண்டி. பின் கண்ணாடி முழுக்க 'மன்மதன்'. கூத்துக்கார வீட்டுப் பையனாக இருக்கும் என்று நோட்டை எடுத்துக்கொண்டு ஏறினேன். பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, அது சிம்பு படம். 2004இல் வந்தது, அண்ணன்காரன் ஒட்டிய ஸ்டிக்கராம். நோட்டை மூடிவிட்டேன்.

இறங்கும்போது, மறுபடி தேவைப்பட்டால் எங்கே வந்து பிடிப்பது என்று கேட்டேன்.

"எங்க ஸ்டாண்டு காமன் பொட்டல்ல சேர். தோட்டத்துல யார்கிட்ட கேட்டாலும் காட்டுவாங்க."

ஏன் அந்தப் பெயர் என்றேன். வண்டியைத் திருப்பிக்கொண்டே கொஞ்சம் யோசித்தான்.

"அந்தக் காலத்துல காமன்னு ஒரு தொரை இருந்திருப்பாரு போல."