மணியும் புத்தகமும்: வீட்டு ஜெபத்தின் இந்திய, இலங்கை வழிகள்

ஞாயிறு ஆராதனை முடிந்து அடுத்த ஞாயிறு வருவதற்குள் ஆறு நாள் இருக்கிறது. அந்த ஆறு நாளில் விசுவாசம் வாடாமல் பார்த்துக்கொள்ளத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கைக்கொண்ட வழி வீட்டு ஜெபம். புரொட்டஸ்டண்ட் சபைகளில் அதற்கு ஜெபக்கூட்டம் என்று பெயர். கத்தோலிக்கர் செபக்கூட்டம் என்று எழுதுவார்கள். பெரும்பாலும் செபமாலையே அதன் உயிர். ஒரு வீட்டில் நாலைந்து குடும்பம் கூடும். பாட்டு, வேத வாசிப்பு, ஒருவருக்காக ஒருவர் வேண்டுதல், பிறகு தேநீர். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில ரப்பர் தோட்டங்களுக்கு இந்த வழக்கம் இரண்டு திசைகளிலிருந்து வந்து சேர்ந்தது. லயம் என்னும் வரிசை வீடுகளில் குடியிருந்த பால்வெட்டுத் தொழிலாளி தமிழ்நாட்டு முறையையும், தோட்ட ஆபீஸ் எழுத்தரான கிராணி யாழ்ப்பாண முறையையும் கொண்டுவந்தார்கள். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஊக்கம் எங்கிருந்து வரவேண்டும் என்பதில் இரண்டும் வெவ்வேறு பழக்கத்தில் வளர்ந்தவை.

தமிழ்நாட்டு முறையைத் திருநெல்வேலியில் தெளிவாகக் காணலாம். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், கிறிஸ்தவரானதால் ஊரில் இடம் இழந்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தத் தர்ம சங்கத்தை அமைத்தார். இப்படி எழுந்த ஊர்களின் நடுவில் ஆலயம், ஆலயத்தில் மணி. காலையும் மாலையும் மணி அடித்தால் ஊர் கூடும்; உபதேசியார் ஜெபம் நடத்துவார். பனையேறிகள் விடியலில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் மரம் ஏறுகிறவர்கள். பதநீர்க் காலத்தில் வீட்டுப் பெண்கள் நாள் முழுதும் அடுப்படியில் கருப்பட்டி காய்ச்சுவார்கள். ஆளுக்கு ஆள் வீட்டில் உட்கார்ந்து வேதம் வாசிக்க நேரமும் இல்லை, முதல் தலைமுறையில் எழுத்தறிவும் குறைவு. மணிதான் அவர்களைக் கூட்டியது, உபதேசியார்தான் வாசித்தார், சனம் கேட்டு மனப்பாடம் செய்தது. எவராவது இரண்டு நாள் வராவிட்டால் உபதேசியாரே வீட்டு வாசலில் வந்து நிற்பார். வேண்டாத தொந்தரவு என்று சிலர் முணுமுணுத்திருக்கக்கூடும். ஆனால் தளர்ந்தவரைத் தேடிப் போக ஓர் ஆள் இருந்தார் என்பதே அந்த முறையின் பலம்.

கத்தோலிக்கரிடமும் இந்த ஏற்பாடு முன்பே இருந்தது. குருவானவர் வருடத்துக்கு ஓரிரு முறையே எட்டிப் பார்த்த ஊர்களில் வேதியர் செபம் சொல்லிக் கொடுத்தார், நோயாளியைப் பார்த்தார், சாகிறவருக்குத் துணை இருந்தார். அவருக்கென்றே வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். தேம்பாவணி பாடிய புலவர், கிராமத்து வேதியர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கும் உட்கார்ந்து ஒரு நூல் செய்தார் என்றால் அந்தப் பதவியின் கனம் விளங்கும்.

இந்திய முறையின் இன்னொரு தூண் பாட்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் ஊர் ஊராகப் பரவின. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். ராகமும் தாளமும் காதில் ஏறிவிட்டால் புத்தகம் தேவையில்லை. சமைக்கும்போது பிடிப்பிடியாக அரிசி எடுத்து ஒதுக்கி ஆலயத்துக்குக் கொடுக்கும் பிடியரிசிக் காணிக்கையும், ஊரே ஒரே பந்தியில் உண்ணும் அசனமும் இதோடு சேர்ந்தவை. எல்லாமே கூட்டத்தில் நடக்கிறவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இலங்கையின் கதை ஒளிவில் தொடங்குகிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்தார்கள். ஆலயம் போயிற்று, குருவும் போனார். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த குருவானவர் யோசேப் வாஸ், சில்லாலைக் கிராமத்து வீடுகளில் தங்கி இரவில் பூசை வைத்தார். அவர் ஊருக்கு ஊர் நியமித்த மூப்பரும் அண்ணாவியும், குரு இல்லாத மாதங்களில் செபத்தை நடத்தினார்கள். அவருக்குப் பின் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ், தவக்காலத்தில் வாசிக்க ‘வியாகுலப் பிரசங்கம்’ எழுதித் தந்தார். மணி அடித்தால் பிடிபடுவோம் என்ற காலம் அது. ஆகவே வீட்டின் உள்ளறையே கோயிலானது, கையில் இருந்த ஏடே குருவானது. அண்ணாவியும் தமிழ்நாட்டு வேதியரும் செய்த வேலை ஏறக்குறைய ஒன்று. ஆனால் வேதியர் ஊரறிய நின்றார்; அண்ணாவி ஒல்லாந்தர் கண்ணில் படாமல் செய்தார்.

புரொட்டஸ்டண்ட் யாழ்ப்பாணம் புத்தகத்தை இன்னும் இறுகப் பிடித்தது. 1816இல் தெல்லிப்பழையில் அமெரிக்க இலங்கை மிஷன் வேலை தொடங்கியது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலை, 1841இல் உதயதாரகைப் பத்திரிகை. உடுவிலில் படித்த பெண் தாயானபோது, பிள்ளைகளுக்கு வேதம் வாசித்துக் காட்ட உபதேசியார் வேண்டியிருக்கவில்லை. படுக்கைக்கு முன் விளக்கடியில் ஓர் அதிகாரம், தகப்பனோ தாயோ ஜெபம், அவ்வளவுதான். வேத வாசகத்திலும் யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. மிஷனரி பீட்டர் பெர்சிவல், ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த வேத மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. சென்னைப் பக்கத்தில் அது எடுபடவில்லை. ஹென்றி பவர் தலைமையில் 1871இல் வந்த மொழிபெயர்ப்புத்தான் கடைசியில் இரு கரையிலும் நிலைத்தது. பிற்காலத்தில் தோட்டத்துக் கிராணி வீட்டிலும் லயத்திலும் ஒரே வசனம் ஒரே சொற்களில் ஒலித்ததற்கு இதுவே காரணம்.

இலங்கை வழி என்று ஒன்றைமட்டும் சொல்வது சரியாகாது. மலையகத்துக் கோப்பித் தோட்டங்களில் 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், திருநெல்வேலி உபதேசிமாரை நம்பியே நடந்தது. கண்டிச் சீமையில் கேட்ட ஜெபம் பாளையங்கோட்டைச் சாயல் கொண்டது. யாழ்ப்பாணத்துக்கும் மலையகத்துக்கும் இடையில் இருந்த தூரம், பாக்கு நீரிணையைவிட அகலம் என்றுகூடச் சொல்லலாம்.

இந்த மரபுகள் நெகிரி செம்பிலானில் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. ஐந்தாண்டில் மலாய்க் கூட்டு மாநிலங்கள் அமைந்தபோது ஆபீஸ், ரயில்வே, தோட்டக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் படித்தவர்கள் தேவைப்பட்டார்கள். மிஷன் பள்ளிகளில் படித்த யாழ்ப்பாணத்தார் கப்பலேறினார்கள். ரப்பர் காடு விரிந்தபோது கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ், தம்பின் வட்டாரத் தோட்டங்களில் பெரும்பாலோர் இந்துக்கள். மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டம் அபூர்வம். கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒரு தோட்டத்தில் பத்து இருந்தால் அதிகம். அவற்றுக்கு மணியும் இல்லை, உபதேசியாரும் இல்லை. சிரம்பானில் கத்தோலிக்கருக்கு விசிட்டேஷன் ஆலயம், மெதடிஸ்ட்டுகளுக்கும் ஆங்கிலிக்கருக்கும் தனித்தனிச் சபை. பல தோட்டங்களைச் சுற்றி வரும் போதகர் எப்போதாவது ஒருநாள் வந்தால் உண்டு.

ஆக இந்திய முறை அதன் மணியை இழந்தது. யாழ்ப்பாண முறைக்கும் இழப்புத்தான். கிராணி வீட்டில் வேதமும் பாட்டுப் புத்தகமும் அலமாரியில் இருந்தன. ஆனால் கிராணி வீடு லயத்திலிருந்து தள்ளி, மேட்டில் நின்றது. பகலில் பேர் பதிகிற கிராணியின் கூடத்தில் மாலையில் சரிசமமாகப் பாயில் உட்கார்வது பால்வெட்டுக்காரருக்கு இலகுவான காரியம் அல்ல. சாதியும் கடல் தாண்டி வந்திருந்தது. யாழ்ப்பாணத்திலும் சரி, திருநெல்வேலியிலும் சரி, ஒரு வீட்டு ஜெபத்தின் உண்மையான பரீட்சை ஜெபத்தில் இல்லை, அது முடிந்தபின் கொடுக்கும் தேநீரில் இருக்கிறது. யார் வீட்டுக் குவளையை யார் வாயில் வைக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் சபையின் நிலை தெரிந்துவிடும். லயத்தில் எல்லா வீடும் ஒரே அளவு, குழாய் பொது. அங்கே விலகி நிற்பது கடினமானது. விலகல் அடியோடு போய்விடவும் இல்லை.

மிஞ்சியது முறைவைத்து வீடு வீடாகக் கூடும் கூட்டம். இந்த வாரம் இந்த வீடு, அடுத்த வாரம் அடுத்த வீடு. முன்வாசலில் செருப்புகள், உள்ளே பாய், சுவரில் வசன நாள்காட்டி. தொடக்கத்துக்கு ஒரு கீர்த்தனை. எடுத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் வயதான ஓர் அம்மா, புத்தகம் பார்க்கமாட்டார். பிறகு படிக்கத் தெரிந்த பையன் ஒருவன் வேதம் வாசிப்பான். அடுத்து சாட்சி. மேடையில் கேட்கும் பெரிய சாட்சி இல்லை இது: மழையில் பால் வீணாகி ஐந்து நாள் சம்பளம் போன வாரத்தில் அடுத்த வீட்டார் அரிசி கொடுத்தது, குடியை விட்ட மகன் இரண்டாவது மாதமும் வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவந்தது. கடைசியில் ஜெபக் குறிப்பு கேட்பார்கள். குழந்தைக்குக் காய்ச்சல், பரீட்சை, அடையாள அட்டை, துரையிடம் போட்ட மனு. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வேண்டுவார்கள். அடுத்த வாரம் முதல் கேள்வி, காய்ச்சல் விட்டதா என்பதுதான். உபதேசியார் வாசலில் வந்து நின்று செய்த வேலையை இங்கே ஒரு கேள்வி செய்தது. இந்த எளிய ஏற்பாட்டில் பாட்டு தமிழ்நாட்டிலிருந்தும் வாசிப்பு யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவை என்று பிரித்துக் காட்டலாம். நடத்துகிறவர் நியமனம் பெறாத சாதாரண ஆள் என்பது, எவரும் திட்டமிடாமலே, அண்ணாவி காலத்துக்குப் போய்ச் சேர்கிறது.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அந்த அண்ணாவி காலம் அப்படியே திரும்பியது. வெள்ளைக்கார மிஷனரிகளில் பலர் சிறை முகாமில் அடைக்கப்பட்டார்கள். தோட்டத்து ஆண்கள் பலர் சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். லயங்களில் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும். ஜெபத்தைத் தூக்கி நிறுத்த அவர்களைவிட்டால் ஆள் இல்லை. அதே ஆண்டுகளில் பகாவில் சிங்கப்பூர்க் கத்தோலிக்கர் குடியேற்றப்பட்டுப் பசியிலும் மலேரியாவிலும் மடிந்தார்கள். உடன் சென்ற ஆயர் டெவால்ஸும் 1945 ஜனவரியில் இறந்தார். போர் முடிந்து 1948இல் அவசரகாலம் வந்தபோது தோட்டங்களில் இரவு ஊரடங்கு. கூட்டம் பகல் வெளிச்சத்துக்குள் முடிய வேண்டியிருந்தது.

பின்னர் அமைப்புகள் பிரிந்து வளர்ந்தன. தீபகற்ப மலேசியக் கத்தோலிக்கத் திருச்சபை 1976 ஆகஸ்டில் நடத்திய மாநாட்டில் அடிப்படைக் கிறிஸ்தவ சமூகங்களை முதன்மைப் பணியாக ஏற்றது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி வேதத்தை வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்பது அதன் வேலை. தமிழ்நாட்டில் இதே கருத்து அன்பியம் என்ற அழகான பெயரில் தெருத் தெருவாக வேரூன்றியது. சொல்லப்போனால், லயத்தில் நடைமுறையாக இருந்த ஒன்றுக்கே இரண்டிடத்திலும் பிற்பாடு பெயர் வைத்தார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புத் திட்டங்களாகியும் போக, நெகிரி செம்பிலான் லயங்கள் பலவும் காலியாகிவிட்டன. குடும்பங்கள் சிரம்பான், நீலாய் நகரங்களின் தாமான் குடியிருப்புகளில் சிதறின. காலை வசனம் இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது, திருநெல்வேலியிலும் யாழ்ப்பாணத்திலும் வருவதுபோலவே. அதை அனுப்ப ஒரு விரல் போதும். காய்ச்சல் விட்டதா என்று கேட்க இன்னும் ஒருவர் வீடுவரை வரவேண்டியிருக்கிறது. அதனால் முறைவைத்த வீட்டு ஜெபம் தாமானிலும் நடக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. விடியற்காலைப் பால்வெட்டுக்கு எழ வேண்டும் என்று முன்பு சீக்கிரமே முடித்த கூட்டம், இப்போது பத்து மணிவரை நீள்கிறது.